மூன்றாம் லைனின் சாவி

மின்சாரம் விற்கிற இடத்தில் குரு எங்கிருந்து வந்தார் என்று கேட்பீர்கள். வந்தார். அதுவும் சீடனைவிடப் பதினான்கு வயது இளையவராக.

ஏழு மலையூர்கள் சேர்ந்து நடத்தும் மின் கூட்டுறவுச் சங்கம் அது. ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சக்கரத்தைச் சுற்றவிடுவார்கள். வருகிற மின்சாரம் மூன்று லைன்களில் ஊர்களுக்குப் போகும். மிஞ்சியதை அரசாங்கத்துக்கு விற்பார்கள். பவர்ஹவுஸுக்குப் பொறுப்பு பொற்கொடி. தேயிலை ஃபேக்டரி மூடிய பிறகு ஐம்பது வயதில் வேலைக்கு வந்த சவரிமுத்துவுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தது அவர்தான். அதனால் சவரிமுத்து அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

முதல் நாள் கற்றுக்கொடுத்தது ஒரே விஷயம். லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் அந்த லைனின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவரே வந்து, "ஆள் எறங்கியாச்சு, லைன் விடலாம்" என்று சொல்லிச் சாவியைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை சுவிட்சைத் தொடக் கூடாது.

"சங்கத் தலைவர் சொன்னா?"

"கடவுளே வந்து சொன்னாலும் தொடக் கூடாது அண்ணே."

ஆறு வருஷம் அது ஒருநாளும் தவறவில்லை.

நேற்றுக் காலை மூன்றாம் லைன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன லைன்மேன் மாசிலாமணி, கம்பத்திலேயே செத்துப்போனார். அந்த லைனில் ஒரு கல்யாண மண்டபம். கரண்ட் நின்றதும் அங்கே ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். மண்டபத்தை லைனிலிருந்து பிரிக்கும் மெயின் சுவிட்சை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. ஜெனரேட்டர் கரண்ட் பின்பக்கமாக லைனில் ஏறிவிட்டது. பாதுகாப்புக்கான எர்த் கம்பியை மாட்டக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

இன்று மத்தியானம் தலைவர் போன் செய்தார்.

"ரெண்டு நாளா தண்ணி மோட்டார் ஓடல. ஸ்பேர் சாவி இருக்குல்ல? லைன விடுய்யா."

"வாங்கிட்டுப் போனவரு இன்னும் தரலைங்க" என்று சொல்லிச் சவரிமுத்து போனை வைத்தார்.

பைத்தியக்காரப் பதில்தான். அவருக்கும் அது தெரியும். ஆனால் ஸ்பேர் சாவியை எடுக்க அவர் எழவில்லை.

பொற்கொடி வந்தார்.

"டீச்சர், நான் எறக்கிப் பூட்டினேன்ல?"

"பூட்டினீங்க."

"சாவி அவன்கிட்டதான இருந்துச்சு?"

"அவர்கிட்டதான் இருந்துச்சு."

"அப்புறம் எப்படிச் செத்தான்? நான் என்னத்தச் செய்யாம விட்டேன்?"

 பொற்கொடி இன்னொரு ஆளைக் கூப்பிட்டு அவர் இடத்தில் உட்கார வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க. சாவிய வாங்கிட்டு வரலாம்."

மாசிலாமணியின் வீடும் மூன்றாம் லைனில்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு அப்போதுதான் வந்திருந்தது. உள்ளே வெளிச்சம் இல்லை. ஃபேன் ஓடவில்லை. ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர்கள் வாசலில் ஜெனரேட்டரை இறக்கி, வீட்டுக்கே கரண்ட் கொடுத்துவிடலாம் என்று வயரை உள்ளே இழுத்தார்கள்.

சவரிமுத்து வாசலிலேயே நின்றுவிட்டார். எந்த முகத்தோடு உள்ளே போவது?

மாசிலாமணியின் மனைவி அஞ்சலை நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்கள். புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் வயரைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"மெயின எறக்கினியா?"

"லைன்லதான் கரண்டே இல்லயேம்மா. எதுக்கு?"

"மொதல்ல எறக்கு. எங்கயாவது கம்பத்துல ஒருத்தன் நிப்பான்."

அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. முழித்தான். அஞ்சலையே போய்ச் சுவரில் இருந்த மெயினை இறக்கினார். இறங்கியிருக்கிறதா என்று கையால் தொட்டும் பார்த்துக்கொண்டார்.

"இப்பப் போடு."

ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. அஞ்சலை திரும்பியபோது வாசலில் நின்ற சவரிமுத்துவைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், போலீஸ்காரர்கள் கொடுத்த கவரை எடுத்துவந்தார். அதில் ஒரு வாட்ச், ஒரு சீப்பு, சாவி. சாவியை மட்டும் எடுத்து நீட்டினார்.

"ஆள் எறங்கியாச்சுண்ணே" என்றார். "லைன் விடலாம்."

சவரிமுத்து அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஐம்பத்தாறு வயது மனிதர், அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதார்.

இருவரும் பவர்ஹவுஸுக்குத் திரும்பினார்கள். சவரிமுத்து, சாவி கொடுத்து வாங்குவதை எழுதும் புத்தகத்தைத் திறந்தார். வாங்கியவர் என்ற இடத்தில் மாசிலாமணியின் கையெழுத்து இருந்தது. திருப்பித் தந்தவர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"யார் பேர எழுதறது டீச்சர்?"

"அஞ்சலைன்னு எழுதுங்க."

"வாங்கினவருதான் தரணும்னு நீங்கதான சொன்னீங்க. அந்தம்மா லைன்மேன் இல்லயே."

பொற்கொடியின் கண்கள் சிவந்திருந்தன. குரல் மட்டும் எப்போதும்போல இருந்தது.

"அந்த லைன்ல இத்தன வீடு இருக்கு அண்ணே. கம்பத்து மேல ஒருத்தர் இருப்பாருன்னு நெனச்சது அவங்க மட்டுந்தான்."