மூன்றாவது சுடர்

ஆலையில் கழிவு வாயுவை எரிக்கிற கோபுரத்தின் உச்சியில் மூன்று சிறு சுடர்கள் அணையாமல் எரிய வேண்டும். அணைந்தால் வாயு எரியாமல் பக்கத்துக் குப்பத்தில் இறங்கிவிடும். பகல் வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. வெப்பக் கேமராதான் காட்டும். அது பழுதாகி நாலு நாள்.

"புதுசு வாங்குங்க சார்" என்றாள் ஒப்பந்தத் தொழிலாளி ரோசிலி. அவள் அந்தக் குப்பத்துக்காரி.

பாதுகாப்பு ஆய்வாளர் பக்கத்தில் நிற்க, மேலாளர் தாமோதரன் கீழே கிடந்த குழாய்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்! என் கண்ணே கேமராதான். சுடர் எரியுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

ரோசிலி பேனாவைத் திறந்தாள். "எத்தனை எரியுதுங்க சார்?"

அவர் அண்ணாந்து பார்த்தார். "மூணும்!"

"மூணாவதுமா?"

"அதுதான் ஜம்முனு எரியுது!"

"அடைப்பு எடுக்க அந்தச் சுடர் எரியிற குழாயைக் காலையில கழட்டி இறக்கிட்டோம் சார். ரிப்போர்ட்லயும் எழுதியிருக்கேன். உங்க கால் அதுமேலதான் இருக்கு."

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். "கேமரா இன்னைக்கே வரணும்" என்றார்.

குழாய் ஆறிப்போய் வெகுநேரமாகியிருந்தது. ஆனாலும் மேலாளர் தீயை மிதித்தவர்போலக் காலை எடுத்தார்.