கறுப்பு பெல்ட்டில் வெள்ளைக் கோடு

கோவில்பட்டி செண்பகவல்லிக்கு நடந்தது அநியாயம். ஒன்பது வருடம் உதைத்து, உதை வாங்கி, கராத்தே கறுப்பு பெல்ட் தேர்வில் தேறினாள். பையன்களுக்கு வைத்த அதே தேர்வு, அதே மூன்று மணி நேரம். ஆனால் அவளுக்கும் கூடத் தேறிய இரண்டு பெண்களுக்கும் வந்த பெல்ட்டில் மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடுவே ஒரு வெள்ளைக் கோடு. பையன்களுக்கு முழுக் கறுப்பு.

“இது எதுக்கு சார்?” என்று சங்கச் செயலாளர் ஞானதிரவியத்திடமே போய்க் கேட்டாள்.

“லேடீஸ் பெல்ட்டும்மா. பொம்பளைப் பிள்ளைங்க சேர்ந்து கடைசியில நிக்கணும். தூரத்துலேருந்தே தெரியணும்லா?”

“தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?”

அவருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்துவிட்டது.

செண்பகவல்லி நேரே பிலோமினா மாஸ்டரிடம் போனாள். மாஸ்டர் ஏழாம் டான், அதாவது கறுப்பு பெல்ட் வாங்கியவர்களுக்குள் ஏழாவது படி. ஆறாம் டானிலிருந்து கட்டும், சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக மாறி வரும் பெல்ட் அந்த மாவட்டத்திலேயே அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அதற்கும் மேலே முழுச் சிவப்பு உண்டு என்பார்கள். அதை அங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

“மாஸ்டர், இதை நான் கட்ட மாட்டேன். கராத்தேயே வேண்டாம்.”

“ஒன்பது வருஷமாச்சேட்டி.”

“அதான் சொல்லுதேன். ஒன்பது வருஷத்துக்கு இந்தக் கோடா? நீங்க வாங்கினப்பவும் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“ஏன்னு கேட்டீங்களா?”

“கேக்கல.”

“ஏன் கேக்கல?”

மாஸ்டர் அந்தக் கோடு போட்ட பெல்ட்டை வாங்கிச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு, “நாளைக்கு பெல்ட் கட்டுற விழாவுக்கு வா. பழைய பிரௌன் பெல்ட்டையே கட்டிக்கிட்டு வா” என்றார்.

ஏழாம் டானாம், வாயைத் திறக்க முடியவில்லையாம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே செண்பகவல்லி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, பள்ளி மைதானம். நூற்றிருபது பேர் ஒரே வரிசை. வலது ஓரம் பெரிய பெல்ட்டுக்கு. அங்கிருந்து இறங்கு வரிசை. ஆண்கள் எல்லாரும் முடிந்த பிறகு பதினோரு பெண்கள். பெரிய பெல்ட் குரல் கொடுத்தால்தான் வணக்கம். அதுவரை விழா தொடங்காது.

பிலோமினா மாஸ்டர் சிவப்பு வெள்ளை பெல்ட்டோடு வந்தார். காலியாக விட்டிருந்த வலது ஓரத்தைக் கடந்தார். வரிசை முழுக்க நடந்து, இடது ஓரத்தில் பெண்களுக்கும் அப்பால் போய் நின்றார்.

ஞானதிரவியம் ஓடி வந்தார். “மாஸ்டர், உங்க இடம் அங்கல்லா!”

“பொம்பளைங்க சேர்ந்து நிக்கணும்னு சொன்னீங்களாமே?”

“அது சிவப்பு வெள்ளைக்குக் கீழ உள்ளவங்களுக்கு. உங்களுக்கு அதெல்லாம் கிடையாது மாஸ்டர்.”

“ஏன்? ஆறாம் டான் வாங்கின அன்னைக்கு நான் பொம்பளை இல்லாமப் போயிட்டேனா?”

வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

“பெரிய பெல்ட்லேருந்து வரிசை தொடங்கணும். அதுவும் உங்க சட்டம்தான?”

“ஆமா மாஸ்டர்.”

“அப்ப நான் இங்க நிக்கேன். எனக்கு அடுத்து இவங்க பதினோரு பேர். அதுக்குப் பிறகு நீங்கள்லாம் வாங்க.”

ஞானதிரவியம் ஐந்தாம் டான். பெண்கள் வரிசையை ஒருமுறை பார்த்தார். போன வருடம்தான் சேர்ந்து மஞ்சள் பெல்ட் கட்டிய தபால் ஆபீஸ் அக்கா அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள்.

“இந்தம்மாவுக்குப் பிறகு நான் நிக்கணுமா?”

“நீங்க வச்ச ரெண்டு சட்டத்தையும் சேர்த்தா அப்படித்தான் வருது. இல்லன்னா கோட்டை எடுங்க. ஆம்பளை பொம்பளை பாக்காம அவங்கவங்க பெல்ட்டுக்கு நிப்போம்.”

சிறப்பு விருந்தினர் இரண்டாம் முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஞானதிரவியம் மேடைக்கு ஓடினார். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, கோடில்லாத கறுப்பு பெல்ட் மூன்றை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். தேறிய பெண்கள் மூன்று பேர்தான்.

வரிசை கலைந்து, புதிதாகக் கூடியது. மேடையில் பெயர் கூப்பிட்டபோது செண்பகவல்லி போனாள். முடிச்சை இறுக்கியதும், நேற்றிலிருந்து நெஞ்சில் அடைத்திருந்த காற்று முழுசாக வெளியே வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது.

விழா முடிந்து மாஸ்டரின் ஸ்கூட்டரை வழிமறித்தாள்.

“மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு. உங்க பெல்ட்டுல இந்தச் சிவப்பு வெள்ளைக்கு என்னதான் அர்த்தம்?”

“நான் எங்க நிக்கேனோ அங்கேருந்துதான் வரிசை தொடங்கும்னு அர்த்தம். அது புரியாம இத்தனை வருஷமும் அவங்க காட்டின இடத்துலயே நின்னுட்டேன்ட்டி.”