குறை சொல்லாத பெட்டி

ஆறுகள் எந்தப் பக்கம் ஓடுவதென்று இன்னும் முடிவு செய்யாத காலத்தில், கொற்றமங்கலத்தைப் பருதிமான் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். காலையில் தான் போட்ட சட்டத்தை மாலையில் யாராவது மதித்தால் கோபித்துக்கொள்வான். அவன் மாறாமல் விரும்பியது ஒன்றே ஒன்று, ஆட்டப்பெட்டி.

சாவியை முறுக்கினால் பெட்டியின் மேல்தட்டில் மரப்பொம்மைகள் எழுந்து வாள் வீசும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து குமிழைத் திருகி அவற்றை மோதவிடுவார்கள். நாட்டில் இரண்டே பட்டறைகள். அரசவைப் பிரபு சூரகேதுவின் பட்டறையில் கருங்காலிப் பெட்டி; நாச்சி என்ற தச்சப்பெண்ணின் பட்டறையில் வேங்கைப் பெட்டி. கருங்காலியின் பொம்மைகளுக்கு வியர்க்கும் என்றுகூடச் சொன்னார்கள், நான் துடைத்துப் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. வாங்கியவன் பெட்டியின் வாயில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு அவன் குரலுக்கு மட்டுமே அது திறக்கும். அண்டை வீட்டுக்காரன் ஆட முடியாது, வேறு பட்டறைப் பொம்மை பொருந்தாது. அரசனுக்கு மட்டும் பெயர் கேட்காத பெட்டியைச் சூரகேது கொடுத்திருந்தான். நாச்சியின் பெட்டியிலோ யாரும் ஆடலாம், எந்தப் பொம்மையும் நிற்கும். கொஞ்சம் நொண்டும், அவ்வளவுதான்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. கத்தரிக்காய் விற்கிறவள்கூட நீ எந்தப் பெட்டி என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்கினாள். சலித்துப்போன அரசன், இனி நாட்டுக்கு ஒரே பெட்டி, ஆடுகிறவர்களே சொல்லட்டும், தோற்ற பெட்டி தீயில் போகும் என்றான். பெட்டி எரிந்தாலும் கை இருந்தால் மறுபடி செய்துவிடுவார்களே என்று சூரகேது மெல்ல எடுத்துக் கொடுத்தான். சரி, செய்த கைகளையும் வெட்டு என்று தலையாட்டிவிட்டான் அரசன்.

மந்திரி தத்தன் வேங்கைப் பெட்டியில் ஆடுகிறவர். வாய் திறந்தால் பட்சபாதம் என்பார்கள். அதனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்: ஆள் விட்டுக் கேட்க வேண்டாம், அரசரே வீடு வீடாக வந்து கேட்கட்டும்.

உச்சிவேளையில் புறப்பட்டார்கள். கருங்காலித் தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. நாய் குரைக்கவில்லை, அம்மி அரைக்கவில்லை. மகிழ்ச்சியான குடிகள் சத்தம் போடமாட்டார்கள் என்றான் சூரகேது. அரசன் ஒரு கதவைத் தட்டி எந்தப் பெட்டி உயர்ந்தது என்று கேட்டான்.

"கருங்காலிதான் அரசே. அதற்கு ஈடில்லை," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும். ஆண் குரல், பெண் குரல், கிழக்குரல். எல்லாமே முழங்கால் உயரத்திலிருந்து வந்தன.

"அதில் ஏதாவது குறை உண்டா என்று கேளுங்கள்," என்றார் தத்தன்.

கேட்டான். தெரு முழுக்க மௌனம்.

அங்கிருந்து வேங்கைத் தெருவுக்கு அழைத்துப் போனார். குறை என்ன என்று அரசன் கேட்டு வாய் மூடுவதற்குள் ஜனம் சூழ்ந்துகொண்டது. பொம்மைக்கு முட்டி பிடிக்கிறதாம், சாவி கையைக் கடிக்கிறதாம், புதுக் குதிரைப் பொம்மை கேட்டால் நாச்சி வருஷக்கணக்கில் இழுத்தடிக்கிறாளாம். இவ்வளவு மோசமா, அப்படியானால் எரித்துவிடுவோம் என்றான் அரசன்.

எண்ணெய்க் குடத்தோடு நின்ற ஒருவன் முன்னால் வந்தான். "பெட்டி மேல கை வெச்சுப் பாரு," என்றவன், யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்து, "சாமி" என்று சேர்த்துக்கொண்டான்.

தத்தன் சிரித்தார். "அரசே, உங்கள் யானையைத் தினமும் யார் ஏசுவது?"

"நான்தான். வேறு யாருக்கு அந்தத் தைரியம்?"

"ஆசையாக ஆடுகிறவன் ஏசத்தான் செய்வான். அந்தத் தெருவில் ஒருவர்கூட ஏசவில்லையே. அங்கே பேசியது யார்?"

திரும்பிப் போய் முதல் கதவைத் தள்ளினார்கள். உள்ளே ஒரு குடும்பம் ஆளுக்கொரு பெட்டியோடு வட்டமாக உட்கார்ந்திருந்தது. எல்லோர் வாயும் அகலத் திறந்து மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது, காற்றுகூட வரவில்லை. வீட்டுக்காரனின் பெட்டி அவன் குரலில் தன்னையே புகழ்ந்துகொண்டிருந்தது.

"பிரபு, நீங்கள் ஒரு தடவையாவது இதில் ஆடியதுண்டா?" என்றார் தத்தன்.

அரசன் ஒரு புதுப் பெட்டியை வரவழைத்துச் சூரகேதுவின் முகத்துக்கு நேரே வைத்தான். "பெயரைச் சொல்."

சூரகேது பெட்டியின் வாயைப் பார்த்தான். இரண்டு கையாலும் அதைத் தள்ளிவிட்டான். ஆட ஆடக் குரல் உள்ளே இறங்கிவிடும், அடிப்பலகையைப் பெயர்த்தால் திரும்பிவிடும் என்று உளறிக் கொட்டினான். வெட்டுவதாக இருந்த கைகளையே அரசன் கூப்பிட்டான். நாச்சி உளியோடு வந்து ஒவ்வொரு பலகையாகப் பெயர்த்தாள். குளிர்ந்த மூச்சுப்போல ஏதோ புறப்பட்டுத் தன் ஆளைத் தேடிப் போனது. இருமினார்கள், செருமினார்கள், பிறகு தெருவே ஏசத் தொடங்கியது. பெட்டியை, சூரகேதுவை, ஒரே பெட்டி போதும் என்று சொன்ன மடையன் யார் என்று அரசனையும். பருதிமான் தலைகுனிந்து கடைசி வசவு வரை கேட்டான். இனி எந்தப் பெட்டியும் பெயர் கேட்கக் கூடாது, எந்தப் பொம்மையும் எதிலும் நிற்க வேண்டும் என்றான். அந்தச் சட்டத்தை மட்டும் அவன் மாலையில் மாற்றவில்லை. நாச்சியின் இரண்டு மணிக்கட்டிலும் தன் பொன் கங்கணங்களைப் பூட்டினான். தத்தனைத் தன் யானைமேல் ஏற்றினான். சூரகேதுவுக்குச் சந்தையில் ஒரு முக்காலி. வருகிறவர்கள் ஏசுவதை வாய் திறக்காமல் கேட்பது அவன் உத்தியோகம்.

ஒரு பெட்டி மட்டும் மிச்சம் இருந்தது. செக்காட்டி கூத்தன் போன மாதம் செத்துப்போயிருந்தான். அவன் மனைவி வடிவாயி நாச்சியின் உளியைப் பிடித்துக்கொண்டாள்.

"திறக்காதே தாயி. வெளியே வந்தா எங்கே போவார்? உடம்பு இல்லையே."

நாச்சி உளியைக் கீழே வைத்தாள்.

வடிவாயி தினமும் உச்சிவேளையில் பெட்டிக்கு முன்னால் இலை போட்டுச் சோறு வைப்பாள். கருங்காலிக்கு ஈடில்லை என்று அது புருஷன் குரலில் புகழும். உயிரோடிருந்தவரை எதையும் புகழ்ந்தறியாத மனிதன். அது அவர் இல்லை என்று அவளுக்கே தெரிந்துதான் இருந்தது. அழுதுவிட்டு இலையை எடுப்பாள்.

ஒருநாள் இலை போட்டாள். பெட்டி புகழவில்லை. வேறொன்று சொன்னது:

"உப்பு பத்தலைடி."