தட்டிய கை

கதை சின்னது. விடையும் கதைக்குள்ளேயே கிடக்கிறது. பாதி படித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம்.

கூண்டுச் சண்டையில் குத்தலாம், உதைக்கலாம், கழுத்தை நெரிக்கலாம், மூட்டை முறுக்கலாம். தாங்க முடியாதவன் எதிராளியின் உடம்பில் கையால் தட்டுவான். தட்டினால் தோல்வி, பிடித்தவன் விட்டுவிட வேண்டும். பயிற்சிக் கூடத்திலும் அதே சட்டம்தான், இன்னும் கறாராக. தட்டினால் விடுவான் என்ற நம்பிக்கையில்தான் ஒருவன் தன் கழுத்தை இன்னொருவன் கையில் கொடுக்கிறான்.

வியாசர்பாடியில் தனபாலன் மாஸ்டரின் கூடத்தில் கஜபதி, சவரிமுத்து என்று இருவர். ஒரே எடை. ஒருவனைக் கண்டால் ஒருவனுக்கு ஆகாது. மணிலாவில் ஒரு போட்டி வந்தது. இவர்களில் ஒருவன்தான் போகலாம். அந்தச் சமயத்தில் பயிற்சியின்போது சவரி கஜபதியின் வலது கையை மடக்கிப் பிடித்தான். முழங்கை போய்விட்டது. தட்டினேன், விடவில்லை என்றான் கஜபதி. தட்டியது எனக்குத் தெரியவில்லை என்றான் சவரி. மாஸ்டர் மறுபக்கம் நின்றிருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை.

கூடம் சவரியை நம்பியது. கஜபதி வீம்புக்குத் தட்டாமல் இருந்து கையை ஒடித்துக்கொண்டான், இப்போது பழியை அடுத்தவன் தலையில் போடுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். சவரி மணிலாவுக்குப் போனான். கஜபதி அம்பத்தூரில் வேறு கூடத்துக்குப் போனான். கை கூடியது, கோணலாக. அவன் எங்கே சண்டைக்கு இறங்கினாலும் கூட்டத்தில் யாராவது கம்பிவலையைத் தட்டி, "தட்டு கஜா, கேக்கல" என்பான். கூட்டம் சிரிக்கும்.

சவரி பெரிய ஆளானான். அவனிடம் ஒரு பழக்கம் வந்திருந்தது. பிடியில் இருப்பவனின் கை லேசாகப் பட்டாலே விட்டுவிடுவான். ஒருமுறை எதிராளியின் கை வழுக்கிப் பட்டதற்கே விட்டு, அந்தச் சண்டையைத் தோற்றான். தங்கமான பையன் என்றார்கள். கஜபதி அந்த வீடியோக்களை எடுத்துவைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தான்.

கடைசியில் இருவரும் சாம்பியன் பட்டத்துக்கான பெல்ட்டுக்காக மோத வேண்டி வந்தது. மாதவரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடை இருந்த இடத்தில் கூண்டு. பெல்ட் வாங்குகிறவனை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஒப்பந்தம் செய்யும். இருவருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது, இன்னொரு வாய்ப்பு வராது. நடுவர் தனபாலன் மாஸ்டர். இருவருக்கும் அவர்தான் மாஸ்டர், அதனால் ஓரவஞ்சனை இருக்காது என்று போட்டார்கள்.

சண்டைக்கு முன் எடை பார்த்த இடத்தில் சவரி கை நீட்டினான். கஜபதி வலது கையை நீட்டினான். அது பாதியில் நின்றது.

"இதுக்கு மேல நீளாது. கை குடுக்கணும்னா நீ கிட்ட வா."

சவரி கையை இழுத்துக்கொண்டான்.

சண்டையில் சவரி பின்னாலிருந்து கஜபதியின் கழுத்தைக் கையால் வளைத்து நெரித்தான். வலையோரம் தரையில் கிடந்தார்கள். கஜபதியின் இடது கை மாஸ்டரின் கண்ணுக்கு நேரே சும்மா கிடந்தது. வலைப் பக்கம் மறைந்திருந்த கோணல் கை சவரியின் தொடையில் தட்டியது.

சவரி உடனே விட்டான். முட்டிபோட்டு மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டருக்குத் தட்டியது தெரியாது, அவர் நிறுத்தவில்லை. கஜபதி திரும்பித் தாடையில் ஒரு குத்து விட்டான். சவரி மல்லாந்தான். மாஸ்டர் கஜபதியின் கையைத் தூக்கினார். பெல்ட் இடுப்பில் ஏறியது.

நினைவு வந்ததும் சவரி மாஸ்டரிடம் முறையிட்டான். அந்தப் பக்கம் கேமரா இல்லை. மாஸ்டர் முடிவு சொல்ல வாங்கிய மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கஜபதியைக் கேட்டார்.

"தட்டினியா?"

"தட்டினேன் மாஸ்டர். அன்னிக்கும் தட்டினேன்."

கஜபதி சவரியிடம் திரும்பினான். "இன்னிக்குத் தட்டினது தெரிஞ்சுதுல்ல? அன்னிக்கு?"

சவரி குனிந்து கையுறையை அவிழ்க்கத் தொடங்கினான்.

"மைக்ல சொல்லு. நீ சொன்னா நானும் சொல்றேன், பெல்ட்ட எடுத்துட்டுப் போ. சொல்லலன்னா நான் தட்டவே இல்ல. உன்கிட்ட கத்துக்கிட்டதுதான்."

சவரி பெல்ட்டைப் பார்த்தான். மைக்கை வாங்கினான். அன்றைக்குக் கஜபதி தட்டியது தனக்குத் தெரியும், தெரிந்தும் விடவில்லை என்றான். கஜபதி மைக்கை வாங்கி, இன்றைக்குத் தானும் தட்டியதைச் சொன்னான். பெல்ட்டைக் கழற்றி மாஸ்டர் கையில் வைத்தான்.

மாஸ்டர் பெல்ட்டோடு நிற்கிறார். அதை யாருக்குக் கொடுக்க வேண்டும்? இந்த இருவரில் ஜெயித்தவன் யார்?

விடை: பெல்ட் சவரிக்கு. தட்டியவன் தோற்றவன், தட்டிய பிறகு விட்ட குத்து செல்லாது. ஜெயித்தவன் கஜபதி. மூச்சு முட்டுகிறவன் நடுவர் பார்க்கும் கையால்தான் தட்டுவான். இவன் அதைச் சும்மா போட்டுவிட்டு, மறைந்து கிடந்த கோணல் கையால் தட்டினான். லேசாகப் பட்டதற்கே பதறி விடுகிறவன் பழைய தட்டலை மறக்காதவன் என்று அந்த வீடியோக்கள் அவனுக்குச் சொல்லியிருந்தன. அவன் வாங்க வந்தது சவரியின் வாயிலிருந்து ஒரு சொல். அதற்கு விலை பெல்ட், கொடுத்துவிட்டான். சவரிக்கு ஒப்பந்தமும் வந்தது. அடுத்த சண்டைக்குத் தயாராகக் கூடத்துக்குப் போனான். பயிற்சிப் பாயில் பையன்கள் ஜோடி ஜோடியாகப் பிரிந்துகொண்டார்கள். இவனோடு கட்டிப் புரண்டு பழக ஒருவனும் வரவில்லை.