சத்தமாகச் சொன்ன சம்பளம்

பேரூரில் மங்கையர்க்கரசி அம்மாள் பதிகம் சொல்லிக்கொடுத்து வந்தார். அவரிடம் படித்தவர்களில் வயதில் மூத்தவர் குழந்தைவேலு. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாளைவிட வயதில் பெரியவர் என்றாலும் அவர் முன்னால் கீழேதான் உட்காருவார்.

அன்று காலை பாதிப் பாட்டில் அம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“குரல் எங்க போச்சு?”

“சளிங்க அம்மா.”

“சளி இல்லை. நெஞ்சுல என்னமோ உட்கார்ந்திருக்கு. பாடினது போதும், அதைச் சொல்லுங்க.”

குழந்தைவேலு சொன்னார். கோவையில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் இயக்குநர். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, ஊரெல்லாம் பங்குதாரர்கள். நிர்வாக இயக்குநர் பத்மநாபனுக்கு என்ன சம்பளம் தரலாம் என்று பரிந்துரைக்க ஒரு குழு உண்டு. அதன் தலைவர் இவர். பத்மநாபன் இவருடைய கல்லூரித் தோழர். மூழ்கப்போன கம்பெனியைக் கரையேற்றியவர். இந்த வருடம் ஒரு பிரிவை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான். இப்போது சம்பளத்தை இரண்டு மடங்காகக் கேட்கிறார். மறுநாள் கூட்டம்.

“மத்த கம்பெனிகள்ல எவ்வளவு தர்றாங்கன்னு ஆலோசகர் அறிக்கை கொடுத்திருக்காருங்க. அதைப் பார்த்தா கேக்கிறது நியாயம்னுதான் படுது.”

“எந்தெந்தக் கம்பெனின்னு பொறுக்கினது யாரு?”

“ஆலோசகர்.”

“ஆலோசகரைப் பொறுக்கினது?”

குழந்தைவேலு தயங்கினார். “பத்மநாபன்.”

அம்மாள் சிரிக்கவில்லை.

“அம்மா, ஒரு மனுஷனோட உழைப்புக்கு எவ்வளவு தகும்? நீங்கதான் சொல்லணும்.”

“அவர் எவ்வளவு கேக்கிறார்?”

குழந்தைவேலு கொஞ்சம் முன்னால் குனிந்து தொகையைச் சொன்னார்.

“கேக்கலை.”

இன்னொரு முறை சொன்னார்.

“காதுல விழலைங்க. சத்தமா.”

குழந்தைவேலு ஜன்னலைப் பார்த்தார். வெளியே இரண்டு பேர் மதில்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாள் எழுந்து போய், பாதி சாத்தியிருந்த ஜன்னல் கதவுகள் இரண்டையும் நன்றாகத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இப்பச் சொல்லுங்க.”

குழந்தைவேலு வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. காது மடல் சூடானது.

“சரி, விடுங்க” என்றார் அம்மாள். “எந்தத் தொகை சொல்ல வரும்?”

அவர் மனதுக்குள் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் குறைத்தார். அதுவும் தொண்டையிலேயே நின்றது. பிறகு ஓரிடத்தில், தானே எதிர்பாராமல், உரக்கச் சொல்லிவிட்டார்.

வெள்ளையடிப்பவரில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். “யப்பா! யாருக்குங்க அவ்வளவு சம்பளம்?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு மட்டையைச் சுண்ணாம்புத் தொட்டியில் முக்கினார்.

“அம்மா, அவர் சிரிக்கிறாரே?”

“சிரிக்கட்டும். உங்களால சத்தமா சொல்ல முடிஞ்சுதே.”

குழந்தைவேலு எழுந்தார். வாசல்வரை போனவரை அம்மாள் கூப்பிட்டார்.

“உங்களுக்கும் ஏதாச்சும் கூடுதா?”

இதை அவர் சொல்லாமல் விட்டிருந்தார். அதே தீர்மானத்தில் இயக்குநர்களுக்குத் தரும் தொகையும் உயர்கிறது.

“அதையும் சொல்லிப் பாருங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார். ஒரு ரூபாய்கூடச் சொல்ல வரவில்லை. பல நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் குழுவில் மற்ற இருவரிடமும் அவர் சொன்னது இதுதான்: “நாம எழுதுற தொகையை ஆண்டுப் பொதுக்கூட்டத்துல நானே மைக்ல சொல்லப்போறேன். அங்க சொல்ல முடியாததை இங்க எழுத வேண்டாம்.”

“ஆண்டறிக்கையிலதான் அச்சுப் போடுறோமே?” என்றார் மில் முதலாளி ரத்தினசபாபதி.

“கடைசியில, பொடி எழுத்துல.”

ஓய்வுபெற்ற ஆடிட்டர் வைதேகி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அப்படின்னா நமக்குக் கூட்டுறதை இப்பவே அடிச்சிடுங்க. என்னால சொல்ல முடியாது.”

பத்மநாபனை உள்ளே அழைத்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது.

“வேலு, நீயா? இந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினது யாரு?”

“நீதான். அதை நான் மைக்ல முதல்ல சொல்றேன். அப்புறம் தொகையை நீ சொல்றியா?”

பத்மநாபன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நாற்பது வருட நட்பு கதவைத் தாண்டிப் போகப்போகிறது என்றே குழந்தைவேலு நினைத்தார். ஆனால் பத்மநாபன் கதவருகே நின்றுவிட்டார்.

“என் மச்சானுக்கு அவன் கம்பெனியில அவ்வளவு தர்றாங்க” என்றார் திரும்பாமலே. “விசேஷ வீட்டுல பார்க்கிறப்பெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுறான்.”



அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, தெளிவான குரலில் ஒரு தொகையைச் சொன்னார். குழந்தைவேலு மனதில் வைத்திருந்ததைவிட அது கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

பொதுக்கூட்டத்தில் குழந்தைவேலு மேடையேறி அந்தத் தொகையைச் சொன்னார். மூடிய பிரிவைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். சிலர் கை தட்டினார்கள். பலர் தட்டவில்லை. கூச்சலும் இல்லை. தீர்மானம் நிறைவேறியது. படியிறங்கும்போது பத்மநாபன் அவர் தோளில் கை போட்டு, “பெரிய பாரம் இறங்கின மாதிரி இருக்குடா” என்றார்.

அடுத்த வகுப்புக்குக் குழந்தைவேலு பழத்தட்டோடு போனார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

“இப்ப அது நியாயமான தொகைன்னு நினைச்சுக்கலாங்களா அம்மா?”

“யாரும் எதிர்த்துப் பேசலையா?”

“ஒருத்தர் பேசினாருங்க. அந்தோணிசாமின்னு பேரு. மூடின பிரிவுல லேத்துல கடைசல் வேலை பார்த்தவர். கொஞ்சம் பங்கு வச்சிருக்கார். எழுந்து நின்னு, ‘இதுவும் ஜாஸ்திங்க’ன்னார்.”

“நீங்க?”

“கூட்டம் முடிஞ்சதும் நானும் பத்மநாபனும் போய் அவர் பக்கத்துல உட்கார்ந்தோம். காபி குடிச்சோம். எங்க காரணத்தையெல்லாம் சொன்னோம். பொறுமையா கேட்டுக்கிட்டார்.”

“ஒத்துக்கிட்டாரா?”

“இல்லைங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘இருந்தாலும் ஜாஸ்திதான்’னார். கை கொடுத்துட்டுப் போனார்.”

அம்மாள் பழத்தட்டை வாங்கி ஓரமாக வைத்தார்.

“அடுத்த வருஷம் இந்தச் சந்தேகம் வந்தா இங்க வராதீங்க. அவர்கிட்டப் போங்க.”