ஒட்டடைக்கம்பின் மேல் ஒரு மனு

உப்பங்குப்பத்தில் ஒரு மணிக்கூண்டு இருந்தது. நூற்று நாற்பது அடி. ஊர்த் தலைவர் ஒருவர் பட்டணத்துக்குப் போய் உயரமான கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்தார். நமக்கும் ஒன்று வேண்டும் என்றார். கட்டினார். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்ததாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கட்டி முடித்த அன்றே ஊர் அதைத் திட்டத் தொடங்கியது. ஒல்லியாக, நெட்டையாக, உச்சியில் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு நின்றதால் ஒட்டடைக்கம்பு என்று பெயர் வைத்தார்கள். வானத்தில் அவ்வளவு ஒட்டடையா என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட முதலில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம்தான் பெண்ணைப் பார்த்தார்கள். கடிகாரம் மூன்று மாதம் ஓடியது. பிறகு நின்றுவிட்டது.

இருபத்து மூன்று வருடம் போனது.

இப்போது கல்யாணம் ஆனவர்கள் அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மிட்டாய்க்கடைக்காரர் அட்டைப்பெட்டியில் அதன் படத்தைப் போட்டார். வெளியூர்க்காரன் எவனாவது பார்த்துச் சிரித்தால் அடிக்கப் போனார்கள். எப்போது மாறினோம் என்று ஒருவருக்கும் தெரியாது. அது அழகாகிவிடவில்லை. அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் துறைமுகத்துக்குப் புது ரோடு வந்தது. ரோடு நேராகப் போக மணிக்கூண்டு இடைஞ்சல். இடிக்க ஒரு காரணம் வேண்டும் என்று ஆபீசர் பழைய கட்டுகளைப் பிரித்தார். பெரிய ஒற்றைத் தாளில் ஒரு மனு கிடைத்தது. 'இந்த மணிக்கூண்டை உடனே இடித்துத் தர வேண்டியது.' அடியில் நானூற்றுப் பதினோரு கைநாட்டு. முதல் கைநாட்டு தேசம்மாவுடையது. மனுவும் அவள் பெயரில்தான். இருபத்து மூன்று வருடமாக யாரும் அதற்குப் பதில் போடவில்லை. மனு கொடுத்தவளை ஒருமுறை விசாரித்துவிட்டுத்தான் இடிக்கலாம் என்பது விதி.

கைநாட்டு வைத்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மீதியில் ஒரு சிலர் தவிர எல்லாரும் ஊரைவிட்டுப் போனார்கள். தேசம்மா போகவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், மணிக்கூண்டுக்கு அடியில் இருக்கிற களத்தில் இன்னும் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய ஐஸ் கிடங்கில் அறவாழி என்ற சாமியார் இருந்தார். முப்பத்தைந்து வயது. காவி கட்ட மாட்டார். மீன் சாப்பிடுவார். இவரெல்லாம் சாமியாரா என்று ஊரில் பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் அவரிடம் போனார்கள். தேசம்மா ஆறு வருடமாகப் போகிறாள். தன்னைவிட இருபத்து மூன்று வயது சின்னவரை அவள் குரு என்று சொல்வதை அவள் மருமகள் இன்னும் நம்பவில்லை.

திங்கட்கிழமை காலை தேசம்மா வந்தாள். உட்காரவில்லை.

"சாமி, புதன்கிழம என்ன ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"உட்காருங்க அக்கா."

"உக்காந்தா அழுதுடுவேன். நின்னுக்கினே சொல்றேன்."

"சரி, நில்லுங்க."

"மனுவ வாபஸ் வாங்கணுமாம். அன்னிக்கு நான் சொன்னது தப்பு, அறியாம சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்தா இடிக்க மாட்டாங்களாம். குடுக்கலன்னா மனு செல்லுமாம், இடிச்சிடுவாங்களாம். ஊரே வீட்டு வாசல்ல நிக்குது. எழுதிக் குடு, எழுதிக் குடுன்னு."

"குடுக்க வேண்டியதுதானே?"

"எப்படிக் குடுப்பேன்?"

அவள் மணிக்கூண்டுப் பக்கம் கை நீட்டினாள்.

"சாமி, நீ அப்ப இந்த ஊர்ல இல்ல. அது கட்டின வருசம் ஐப்பசி, கார்த்திகை ரெண்டும் விடாத மழ. நடுவுல ஒரு மணி நேரம் வெயில் வரும். அந்த வெயிலையும் அந்த நெட்டச்சி நிழலு தின்னும். கூட கூடயா மீன் நாறிப்போச்சு. மூக்குத்தி போச்சு. எம் பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. வெறும் கஞ்சித்தண்ணி. பசிக்குதும்மான்னு கூடச் சொல்லாம தூங்கிடும் அது. அந்தக் கோவத்துல வீடு வீடாப் போயி நானூறு கட்டவிரலப் புடிச்சு மையில அழுத்தினவ நான். அது தப்புன்னு இன்னிக்கு எழுதிக் குடுத்தா, அந்தத் தேசம்மாவ நானே பொய்காரி ஆக்கினதாவாதா?"

"அப்போ எழுதிக் குடுக்காதீங்க. இடிக்கட்டும்."

"ஐயோ!"

அந்த ஐயோ கிடங்குக்கு வெளியே கேட்டது. தேசம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"போன மார்கழியில மூணு நாள் பனி. அது கண்ணுக்கே தெரியல. நான் மூணு நாளும் ஒழுங்கா சாப்பிடல சாமி. மருமவ காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாத்தா. சொன்னா சிரிப்ப."

அறவாழி சிரிக்கவில்லை.

"அன்னிக்கு இருந்ததும் நெசம். இன்னிக்கு இருக்கறதும் நெசம். ரெண்டுல ஒண்ணுதான் எழுதலாங்கறான் அந்த ஆபீசரு. நான் எத எழுத? நீதான சொல்லணும், அதுக்குத்தான உங்கிட்ட வந்து கெடக்கறேன்."

"நாளைக்கு உங்க களத்துக்கு வரேன்."

"களத்துக்கா? அங்க வந்து இன்னா பண்ணுவ?"

"வெயில் காய்வேன்."

மறுநாள் சொன்னபடி வந்தார். தேசம்மாவுக்குக் கோபம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வெயில் காய வந்திருக்கிற சாமியாரைப் பார்த்தால் யாருக்கும் வரும். ஆனாலும் குந்த ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள்.

களத்தில் ஆறு பாய் விரித்திருந்தது. கீறி உப்புப் போட்ட பாறை மீன்கள் வரிசையாகக் கிடந்தன. தேசம்மா காக்கை விரட்டினாள். மருமகளைத் திட்டினாள். குருவைப் பார்க்காமலேயே இருந்தாள்.

மதியம் சாய்ந்தது. மணிக்கூண்டின் நிழல் நகர்ந்து வந்து வேலியைத் தொட்டது. தேசம்மா குனிந்தாள். முதல் பாயில் முதல் மீனைத் திருப்பிப் போட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. அந்தக் களத்தில் மணி பார்த்து வேலை செய்வது அப்படித்தான். நிழல் வேலியைத் தொட்டால் மீனைத் திருப்ப வேண்டும். பாயைத் தொட்டால் அள்ள வேண்டும்.

ஒரு பாய் முடித்துத் திரும்பிப் பார்த்தாள். அறவாழி அவளுக்குப் பின்னாலேயே குனிந்துகொண்டு, அவள் திருப்பிய மீனையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடி திருப்பிக்கொண்டிருந்தார்.

"சாமி! இன்னா பண்ற?"

"காலையில நீங்க இப்படித்தானே வெச்சீங்க?"

"ஆமா."

"நானே பாத்தேன். ஒவ்வொண்ணா அடுக்கி வெச்சீங்க. இப்ப வந்து எல்லாத்தையும் மாத்தறீங்க. காலையில வெச்சது தப்பா?"

"தப்பா? மொதல்ல இப்படித்தான் வெக்கணும்."

"அப்போ ஏன் திருப்பறீங்க?"

"அட, அந்தப் பக்கம் காஞ்சிடுச்சு சாமி! படிச்சவன்தான நீ?" மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பக்கத்தோட வேல முடிஞ்சுது. இனிமே இந்தப் பக்கம். ஒரே பக்கம் காஞ்ச மீன மூணு நாள்ல புழு தின்னுடும்."

"அப்படியா?" என்றார் அறவாழி. கையிலிருந்த மீனை மெதுவாகத் திருப்பி வைத்தார். "எனக்குத் தெரியாது அக்கா. நான் தின்னத்தான் தின்னிருக்கேன்."

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

தேசம்மா குனிந்தவள் நிமிரவில்லை. காக்கை ஒன்று வந்து ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் அதை விரட்டவில்லை. மருமகள்தான் கத்திக்கொண்டு ஓடினாள்.

புதன்கிழமை ஆபீசில் நிற்க இடமில்லை. ஊரே வந்திருந்தது. ஆபீசர் சின்ன வயசுக்காரர், பொறுமை கிடையாது.

"நீங்கதானே தேசம்மா? இது உங்க கைநாட்டுதானே?"

"என்னுதுதான்."

"வாபஸ் வாங்கறீங்களா?"

"இல்ல."

கூட்டம் ஐயையோ என்றது. யாரோ ஒருவர், "கெழவிக்குத் திமிரு இன்னும் அடங்கல பாரு" என்றார்.

"அப்போ இடிக்கச் சொல்றீங்க."

"அதுவும் இல்ல. இடிக்கக் கூடாது."

ஆபீசர் பேனாவை மேஜையில் போட்டார். "அம்மா, குறை இருக்குன்னா இடிக்கணும். குறை இல்லன்னா வாபஸ் வாங்கணும். குறையும் இருக்கு, இடிக்கவும் கூடாதுன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

"எம் புருசன்மேலகூட முப்பது வருசமா எனக்கு ஆயிரம் கொற. அவர இடிச்சித் தாங்கன்னு உங்ககிட்ட வந்தேனா?"

கூட்டம் சிரித்து அடங்க நேரம் பிடித்தது. அவள் புருஷன் கடைசி வரிசையில் நின்று தலையைச் சொறிந்துகொண்டான்.

தேசம்மா சிரிக்கவில்லை. மேஜைமேல் கிடந்த மனுவை எடுத்தாள். ஆபீசர் தடுப்பதற்குள் அதைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது.

"இங்க காலியாத்தான கெடக்கு? நான் சொல்றேன், இங்க எழுதச் சொல்லு."

"அப்படியெல்லாம் வழக்கம் இல்லம்மா. தனித் தாள்ல எழுதணும்."

"தனித் தாள்ல எழுதினா இத நீ கிழிச்சிப் போட்டுடுவ. அப்ப எம் பொண்ணு பட்டினி கெடந்தது எங்க இருக்கும்? இதே தாள்லதான் எழுதணும். இல்லன்னா நான் எந்திரிக்க மாட்டேன்."

தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுத்தர் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "எழுதித் தொலைங்க" என்றார்.

தேசம்மா சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார்.

"முன்பக்கம் சொன்னதெல்லாம் நெசம். அந்த மழையில எம் பொண்ணு பசியோட தூங்கினது நெசம். அதுக்கப்பறம் இருபத்து மூணு வருசம் தெனமும் அதத் திட்டிக்கினே பாத்தேன். பாத்துக்கினே திட்டினேன். எப்ப திட்டறத நிறுத்தினேன்னு தெரியல. பாக்கறத நிறுத்த முடியல. அது நிக்கட்டும்."

அவள் கட்டைவிரலை வைத்தாள். பழைய கைநாட்டு மறுபக்கத்தில் எங்கே இருந்ததோ அதற்கு நேர் பின்னால் வைத்தாள். கூட்டத்தில் இருந்து ஒரு வலைக்காரர் வந்தார். அப்புறம் ஒரு பாட்டி. மனுவில் கைநாட்டு வைத்து ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் வந்தார்கள்.

தாள் மேலிடத்துக்குப் போனது. நாற்பது நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த நாற்பது நாளும் தேசம்மா காலையில் கதவைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் திறந்தாள். பிறகு உத்தரவு வந்தது. ரோடு வளைந்து போகும்.

அன்று சாயங்காலம் அவள் ஐஸ் கிடங்குக்கு வந்தாள். வாளைக் கருவாடு ஒரு கட்டு கொண்டுவந்திருந்தாள். அறவாழி முகர்ந்து பார்த்து, நல்லா இருக்கு என்றார். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மணிக்கூண்டு முழுசாகத் தெரியும். உச்சியில் நாரைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

தேசம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி."

"சொல்லுங்க அக்கா."

"நீ இந்த ஊருக்கு வந்து ஆறு வருசமாச்சு. தெனமும் இங்கதான் குந்தியிருக்க, இதத்தான் பாக்கற. ஊர்ல எல்லாரும் அதப் பத்தி ஒண்ணு சொன்னாங்க. நீ மட்டும் வாயே தொறக்கல. உண்மையச் சொல்லு. அது அழகா, அசிங்கமா?"

அறவாழி மணிக்கூண்டைப் பார்த்தார். பிறகு தேசம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"நான் அத ஒரு நாள்கூடத் திட்டினதில்லையே அக்கா" என்றார். "எனக்கு எப்படித் தெரியும்?"