பதினொரு வருடச் சிவப்பு

என் கிணற்றைக் கெடுத்தவன் சென்னியப்பன். சாயப்பட்டறைத் தண்ணீரை ஓடையில் விட்டான். அது என் கிணற்றில் ஊறியது. கேட்கப் போனேன்.

"உன் கிணறு எப்பவுமே அப்படித்தான்" என்றான்.

அன்றே அந்தச் சிவப்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பெட்டியில் வைத்தேன். பதினொரு வருடம் ஆகிறது. பட்டறையை மூடிவிட்டான். 'நான்தான் கெடுத்தேன்' என்று ஒரு நாள் அவன் என் முன்னால் சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் இருந்த சாட்சி அந்தப் பாட்டில் ஒன்றுதான்.

இப்போது ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளாக, மொட்டைமாடியில் கண்ணாடித் தட்டு கழுவுகிறேன். ஃபர்ஸானா டீச்சருக்கு என் மகளைவிட வயது குறைவு. ஆனாலும் அவர்தான் எனக்குக் குரு; பாட்டில் கதையையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். கரித்தூளோடு ஒரு வெள்ளைப் பொடியைச் சேர்த்துச் சுட்டு வைத்திருக்கிறார். சாயத் தண்ணீரில் அதைப் போட்டு வெயிலில் வைத்தால் நிறம் போய்விடுகிறது.

"நிறம் எங்கே போகுதுங்க டீச்சர்?"

"உங்க பாட்டிலைக் கொண்டு வாங்க, காட்டுறேன்."

"வெளுத்துட்டா என் சாட்சி போயிடுமேங்க."

"அப்ப வேண்டாங்கண்ணா. பெட்டியிலேயே இருக்கட்டும்."

மூன்று நாள் பொறுத்தேன். தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் கொண்டுபோனேன்.

இரண்டு தட்டில் ஊற்றினார். இரண்டிலும் ஒரே அளவு பொடி. ஒன்றின் மேல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினார். இன்னொன்றை வெயிலில் வைத்தார்.

"இத்தனை கொஞ்சமா ஊத்துறீங்க?"

"ஆழமா இருந்தா வெயில் உள்ளே இறங்காது."

மதியம் பெட்டியைத் தூக்கினார். மூடிய தட்டில் சிவப்பு கொஞ்சம் குறைந்து, அப்படியே நின்றிருந்தது. வெயில் தட்டில் சிவப்பே இல்லை.

"இதுலயும் அதே பொடிதானுங்களே?"

"கரி நிறத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். இடம் நிறைஞ்சதும் நின்னுடும்."

"அதுல?"

"வெயில் பட்டா, பிடிச்சதை வெள்ளைப் பொடி உடைச்சுடும். மறுபடி இடம் கிடைக்கும்."

மூடியிருந்த தட்டையும் வெயிலுக்கு நகர்த்தினார். சாயங்காலத்துக்குள் அதுவும் வெளுத்தது. காலிப் பாட்டிலைப் பார்த்தேன்.

"இனி அவன் வந்தா எதைக் காட்டுவேன்? 'நல்ல தண்ணிதானே, எடுத்துக் குடி'ன்னு சொல்லிட்டுப் போயிடுவானே!"

டீச்சர் பொடியை வடிகட்டி, தெளிந்த தண்ணீரை ஒரே தட்டில் ஊற்றி, மாடியிலேயே விட்டுப் போனார்.

மறுநாள் வெயிலில் தண்ணீர் வற்றியது. தட்டு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இதென்னங்க?"

"உப்பு. துணியில சாயம் ஏற பட்டறையில போடுறது."

"அத்தனை சிவப்பையும் எடுத்த வெயில் இதை ஏன் விட்டுச்சு?"

"இது வெயிலோட வேலை இல்லைங்கண்ணா. போட்டவர்தான் வந்து அள்ளணும்."

மற்ற தட்டுகளையெல்லாம் தினமும் கழுவுகிறேன். அந்தத் தட்டை மட்டும் கழுவவில்லை. சென்னியப்பன் இன்னும் வரவில்லை.